வால் பேனலில் சந்தனப் பொட்டு

2019 அக்டோபர் 7, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. காலை ஆறரை மணிக்குத் தொழிற்கூடத்தைத் திறந்தேன். வழக்கம்போல் முதல் வேலையாகக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துப் பலகையில் எழுதினேன். அடுத்து தூசி புகாத கிளீன் ரூமின் ஈரப்பதம். அதற்கடுத்து ஜெனரேட்டருக்கு டீசல். எட்டு மணிக்கு வாழைக்கன்றும் பொரியும் வந்து இறங்கின. வாழைக்கன்றில் ஒன்று முறிந்திருந்ததால் வேறு கேட்டேன், கொடுத்தார்கள்.

அன்றைய நாட்குறிப்பின் முதல் பாதி இவ்வளவுதான். இரண்டாம் பாதியைப் பக்க ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறேன். அதில் வருபவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. கேட்டிருந்தால் "மாட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

பேட்டைக்கு அப்பால் உள்ள அந்தத் தொழிற்கூடத்தில் அன்றும் இன்றும் நான் ஸ்டோர் பொறுப்பாளன். விமானத்துக்குப் பாகம் செய்கிறோம் என்றால் ஊரில் சிரிப்பார்கள். எதில் செய்கிறீர்கள் என்று கேட்டு, துணியில் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. தலைமுடியைவிட மெல்லிய கார்பன் நாரைப் பாவும் ஊடுமாக நெய்த கறுப்புத் துணி, ரெசின் என்னும் பசை ஊறிச் சுருளாக வரும். குளிரில் வைக்காவிட்டால் தானாகவே இறுகத் தொடங்கிவிடும். அதை வெட்டி, ஒரு அடுக்கு நேராக, அடுத்தது சாய்வாக, அடுத்தது குறுக்காக அச்சின் மேல் பரப்ப வேண்டும். பையால் மூடிக் காற்றை உறிஞ்சி, குக்கர் என்று நாங்கள் அழைக்கும் பெரிய அழுத்த உலையில் வேகவைத்தால் பேனல் வெளியே வரும். ஒரு பெண் ஒரு கையால் தூக்கிவிடலாம். நான்கு ஆண்கள் ஏறி நின்றாலும் உடையாது.

எங்கள் முதலாளி ஏரலில் கண்ணாடி நாரைக் கொண்டு தண்ணீர்த் தொட்டி செய்து முன்னுக்கு வந்தவர். தொட்டியிலிருந்து விமானத்துக்குத் தாவினார். அந்தத் தாவலுக்கு ஆள் தேவைப்பட்டபோது, பெங்களூரில் இதே வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருந்த இவரைப் பிடித்தார். தரக் கட்டுப்பாட்டுக்கு அதிகாரி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் மேடம் என்பேன். வேலைக்கு வரும் பெண்கள் அக்கா என்றார்கள். அவர் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் அவர் "மாட்டேன் மேடம்".

மாட்டேன் என்பதை அவர் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார். காரணம் கேட்டால் காரணம் வரும். கேட்காவிட்டால் அதுவும் வராது.

ஒருமுறை வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவர் துணி பரப்புவதைப் பார்க்க வந்திருந்தார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சுருள் இன்னும் குளிர் விடவில்லை. அந்த நேரத்தில் உறையைப் பிரித்தால் காற்றில் உள்ள ஈரம் துணிமேல் பனியாக இறங்கும். அந்த ஈரம் பிறகு உலையில் கொதித்து, அடுக்குகளுக்குள் குமிழாக நிற்கும். வந்தவர் மதுரையில் விமானத்தைப் பிடிக்க வேண்டும். முதலாளி என்னிடம் கண்ணைக் காட்டினார், பிரி என்று. மேடம் ஒரு நாற்காலியை இழுத்துச் சுருள் இருந்த பெட்டியின் மூடிக்கு முட்டுக்கொடுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"ஏம்மா, அவுஹ நிக்காவ, நீ சாப்பிடுதே" என்றார் முதலாளி.

"சுருளுக்குக் குளிர் விடணும், எனக்குப் பசி அடங்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கட்டும் மொதலாளி."

அன்று அவர் புளியோதரை கொண்டுவந்திருந்தார். இவ்வளவு மெதுவாகப் புளியோதரை சாப்பிட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வந்தவர் விமானத்தை விட்டுவிட்டு ரயிலில் போனார்.

அவருடைய பையில் எப்போதும் கனமான பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று இருக்கும். முடிந்த பேனலை விளிம்பிலிருந்து விளிம்புவரை அதனால் தட்டிக்கொண்டே போவார். அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்திருந்தால் கணீரென்று கேட்கும். எங்காவது பிரிந்திருந்தால் சத்தம் செத்துவிடும். இந்தத் தட்டும் பழக்கம் தொழிற்கூடத்தோடு நிற்கவில்லை. பேருந்தின் பக்கத் தகடு, டீக்கடை மேசை, கோவில் பெஞ்சு, எல்லாவற்றையும் தட்டுவார். கோவில் என்று அவர் சொன்னது அவருடைய சபையின் தேவாலயத்தை; எங்கள் ஊர்ப் பேச்சில் அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். என் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தவர், காபியைக் கையில் வாங்கியதும் கூடத்துத் தரையைத் தட்டத் தொடங்கினார். தரை ஓடு பதித்த கொத்தனார் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணாச்சி, இந்த மூலையில ஓடு படுத்திருக்கு, ஒட்டல."

கொத்தனார் முகம் சுருங்கியது. "வந்த எடத்துல இதென்ன வேலக்கா" என்றார்.

"ஒட்டாத எடத்துல கால் வைக்கப் போறது நீயில்ல. அண்ணாச்சி வீட்டுக்காரம்மா."

என் மனைவி அப்போது சிரித்தாள். பிறகு அந்த மூலையைப் பெயர்த்துப் பார்த்தபோது அடியில் சிமெண்டே இல்லை. மறுபடி பதித்துக் கொடுத்துவிட்டுத்தான் கொத்தனார் போனார்.

இப்படி எதையும் தட்டிச் சொல்லக்கூடியவர் அஞ்சிய ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டினார். இரண்டு சோதனைத் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் இரண்டு கார்பன் பட்டைகளைப் பசையால் இணைத்தது. முதலில் என் கையில் நாணயத்தைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். இரண்டும் கணீரென்றன. பிறகு பிரித்துப் பார்க்கச் சொன்னார். முதல் துண்டை மேசை விளிம்பில் வைத்து நெம்பியும் பிரியவில்லை. இரண்டாவது, சத்தமே இல்லாமல் இரண்டாக என் கையில் வந்தது.

"அதுல ஒட்டுறதுக்கு முன்னால ஒருக்கா விரலால தொட்டேன். அதுக்கு முன்னால அந்த விரலால ஒருக்கா தலையக் கோதுனேன். அவ்வளவுதான் அண்ணாச்சி."

"தட்டுனப்போ ஒண்ணுபோலத்தானே கேட்டுது?"

"ஒட்டிக்கிட்டுத்தானே இருந்துச்சு. பிடிக்கல, ஒட்டிக்கிட்டு மட்டும் இருந்துச்சு. அதக் கண்டுபிடிக்க நாணயமும் உதவாது, லட்சக்கணக்குல மிஷினும் உதவாது. முன்னாலயே அழுக்குப் படாம பாத்துக்கிடுறது ஒண்ணுதான் வழி."

அன்றிலிருந்து எனக்கும் தலையைக் கோதும் பழக்கம் போய்விட்டது.

இந்த ஒரு விஷயத்தில் அவர் யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. தம்பி கல்யாணத்துக்குத் தலையில் எண்ணெயும் முகத்தில் ஏதேதோ கிரீமும் வைத்துவிட்டார்கள் என்று, வேலைக்குத் திரும்பிய பிறகும் அவர் கிளீன் ரூமுக்குள் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று, துணியின் சாய்வைக் கையால் காட்டி வேலை வாங்கினார். உள்ளே இருந்த செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்வியின் வீட்டார் மாஞ்சோலை மலையில் தேயிலை பறித்தவர்கள். அவள் கீழே இறங்கி வந்து எங்களிடம் துணி பரப்பக் கற்றாள். எங்களிடம் அவளைப்போலக் கைவேகம் யாருக்கும் இல்லை.

குக்கர் புதிதாக வந்து இறங்கியபோது மேடத்தின் அம்மா ஆசைப்பட்டார் என்று சபையின் போதகர், எங்கள் பேச்சில் ஐயர், ஜெபம் பண்ண வந்தார். கையில் சிறு குப்பியில் எண்ணெய். மேடம் வாசலிலேயே மறித்தார்.

"ஐயரே, ஜெபத்துக்குச் சுவரு தடையில்லல்லா. இங்கனயே நின்னு பண்ணுங்க."

ஐயர் வேப்பமரத்தடியில் நின்று ஜெபம் பண்ணினார். எண்ணெய்க் குப்பியை நான் வாங்கி என் மேசை இழுப்பறையில் பூட்டி, போகும்போது திருப்பிக் கொடுத்தேன்.

இனி அக்டோபர் 7-க்கு வருகிறேன்.

விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கான சிறு விமானம் ஒன்றின் வால் எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். அதில் முதல் பேனல் உலையிலிருந்து வந்து, எல்லாச் சோதனையும் முடிந்து, கிளீன் ரூம் மேசையில் இருந்தது. அதன் உட்புறத்தைக் காத்துவந்த மேலுறைத் துணியை உரித்தாயிற்று. பூஜை கழிந்ததும் அந்தப் புறத்தில் விலா எலும்புபோன்ற பட்டைகளை ஒட்டிக் குறித்த தேதியில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். தேதி தவறினால் ஆர்டரைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிடுவதாக எழுதியே இருந்தார்கள். ஆர்டர் போனால் புதிதாகச் சேர்த்த பெண்களுக்கு வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பூஜையை மேடம் தடுக்கவில்லை. அவரேதான் இடம் ஒதுக்கினார். குக்கரின் வெளிப்புறம், வெட்டும் மிஷின், கம்ப்ரசர், சிறு கருவிகள், மூன்று சக்கர வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் மாலையும். கிளீன் ரூமைப் பூட்டிவிட்டுத் தேங்காய் உடைப்பதைப் பார்த்து நின்றார். பொரி வாங்கிச் சாப்பிட்டார். நாலு மணிக்கு அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனார்.

அவர் போன பிறகு முதலாளி தம்மிடம் இருந்த சாவியால் கிளீன் ரூமைத் திறந்திருக்கிறார். மேடம் திரும்பி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அந்தப் பேனலின் உரித்த உட்புறத்தில், சரியாக நடுவில், வட்டமாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

நான் ஓடி வந்தபோது முதலாளி முகத்தில் கோபம் இல்லை. பெருமையாகத்தான் நின்றார்.

"தொப்பி போட்டேம்மா. கோட்டு, கையுறை, கால் உறை, எல்லாம் நீ சொல்லிக் குடுத்த மாதிரியே போட்டுட்டுத்தான் உள்ள போனேன்."

"பாத்தேன் மொதலாளி. தொப்பியும் கோட்டும் குப்பைக்கூடையில கெடக்கு. அதுல ஒரு குறையும் இல்ல."

"பொறவு என்ன?"

"சந்தனத்துக்குக் கையுறை போடலியே."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "மூணு சக்கர வண்டிக்குப் பொட்டு வச்சாச்சு. நமக்குச் சோறு போடப் போற பேனலுக்கு இல்லன்னா எப்படிம்மா? நல்லதுக்குத்தானே வச்சேன்."

"நல்லதுக்குத்தான் வச்சிய. இது போகாது."

பின்னால் நின்ற மிஷின் ஆள் ஒருவன், காதில் விழட்டும் என்றே பைய முனகினான். "வேதக்காரில்லா, பொட்டப் பாத்ததும் பொங்குது."

மேடம் திரும்பினார். "ஏலே, ஐயர் எண்ணெயோட வந்தாருல்லா, அன்னைக்கி எங்கன நின்னாரு?"

வேப்பமரத்தடியில் ஐயருக்கு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டவனே அவன்தான்.

முதலாளி துடைத்துவிடலாம் என்றார். துடைத்தார் மேடம். புதுத் துணி, கரைப்பான், ஒரே திசையில் ஒரே இழுப்பு. பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. பேனலைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி என்னையும் செல்வியையும் நிற்கவைத்து, மேலிருந்து சுத்தமான தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் ஒரே தகடாக வழிந்து இறங்கியது. நடுவில் வந்ததும் தகடு கிழிந்தது. சந்தனத்தின் எண்ணெய் படிந்த இடத்தில், பொட்டைவிடப் பெரிய வட்டமாகத் தண்ணீர் விலகி, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. முதலாளி குனிந்து பார்த்தார். தண்ணீரைப் பொய் சொல்கிறது என்று சொல்ல முடியாது.

"அத எமரித்தாளு போட்டுத் தேச்சு எடுத்துரலாம்லா?"

"மேல இருக்கிறது ஒத்த அடுக்கு. தேச்சா நாரு அறுந்துரும். அறுந்த நாரு எதையும் தாங்காது."

"சரி, ஒட்டிரு. ஒட்டுனப் பொறவு உன் நாணயத்த வச்சுத் தட்டிப் பாரு. சத்தம் செத்திருந்தா நானே ஒடச்சுப் போடுதேன். கணீர்னு கேட்டா அனுப்பிரு."

"தட்டுனா கணீர்னுதான் கேக்கும் மொதலாளி. அதான் எனக்குப் பயம்."

பிறகு செல்விதான் பேசினாள். பேனலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, இது போகலன்னா நாங்க எங்க போவ? எங்கய்யா ஆத்தா மேல இருக்காவ, நான் அனுப்புறதுலதான் அவிய கீழ வந்து ஆசுபத்திரி பாத்துட்டுப் போறாவ."

மேடம் பேனலின் ஓரத்தில் வழிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றினார்.

"செல்வி, இதுல உக்காந்து ஓட்டப் போறது உன் வயசுப் பிள்ளைங்க. கத்துக்கிட வார பிள்ளைங்க. வால் பிரிஞ்சா அதுகளுக்கு எறங்குறதுக்கு எடமிருக்காது. உனக்கு வேல போனா நான் உன்கூட வந்து நாலு கம்பெனி வாசல்ல நிக்கேன். அதுகளுக்கு நான் எங்கன போய் நிக்க?"

பிறகு வெட்டும் மிஷினை நோக்கி நடந்தார். அனுப்ப முடியாத பேனலை அவர் ஒருபோதும் முழுதாக விட்டுவைத்ததில்லை. முழுதாக இருந்தால் என்றாவது ஒரு நாள் யாராவது அதற்குச் சோதனையில் தேறியது என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள் என்பார். இப்போது மிஷின் ஆள்தான் குறுக்கே வந்தான். குரலில் முன்பிருந்த கேலி இல்லை.

"மேடம், பூசையில வச்ச மிஷினு. காலைல மறுபூசை கழியாம தொடக்கூடாது."

மிஷினின் மேல் சாமந்தி மாலை கிடந்தது. மேடம் அதைப் பார்த்தார்.

"சரி. காலைல."

பேனலை மேசைமேல் வைத்து, கிளீன் ரூமைப் பூட்டி, தம் சாவியோடு முதலாளியின் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலாளி ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொடுத்தார்.

பேருந்துக்கு நிற்கும்போது முதலாளி சொல்லியனுப்பியதை நான் சொன்னேன். நாளைக்கு அந்த மிஷினைத் தொட்டால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்கிறார் என்றேன்.

"நாளைக்கு வரலாம்ல அண்ணாச்சி?"

"வரலாம்."

"நாளைக்கு ஒரு நாள் போதும்."

பின்னால் நடந்ததையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஆர்டரில் பாதி கோயம்புத்தூருக்குப் போனது. சில பெண்கள் மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களில் செல்வியும் ஒருத்தி. மேடம் சொன்னபடி அவளோடு கம்பெனி வாசல்களில் நின்றார், ஒன்றில் வேலை கிடைத்தது. வர வேண்டாம் என்று முதலாளி கடைசிவரை தம் வாயால் சொல்லவில்லை. பேசாமல் மட்டும் இருந்தார். அடுத்த வருடம் மேடமே போய்விட்டார். எங்கே என்று தெரியும், எழுத மாட்டேன். அந்தப் பேனல் பறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று இன்றும் டீக்கடையில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன், உங்கள் பிள்ளையை அதில் ஏற்றியிருப்பீர்களா என்று. பேச்சு அத்தோடு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. நான் கதவைத் திறக்கும்போதே மேடம் வாசலில் நின்றார். முதலாளி வந்து மறுபூஜை செய்தார். கற்பூரம் காட்டினார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். மிஷின் ஆள் மாலையைக் கழற்றினான்.

மேடம் பேனலைக் கொண்டுவந்து மிஷின் மேசையில் கிடத்தினார். நான் அவர் கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"விஜயதசமி அன்னைக்கி மொத வேல" என்றார் முதலாளி. முந்தின நாளுக்குப் பிறகு அவர் மேடத்திடம் பேசியது அப்போதுதான். "நல்ல வேலயா இருக்கணும்மா."

"நல்ல வேலதான் மொதலாளி."

மேடம் சுவிட்சில் கை வைத்தார். முதலாளி கற்பூரத் தட்டோடு இரண்டடி பின்னால் போய் நின்று, மறுபடி பேசினார்.

"மாஸ்க்கப் போட்டுக்க. தூசி பறக்கும்."

மேடம் மாஸ்க்கைப் போட்டார், நானும் போட்டேன். கத்தி இறங்கியது. பேனல் நடுவில் இரண்டானது. எப்போதும் முதலில் எழுதும் குளிர்பெட்டி வெப்பநிலையை அன்று இரண்டாவதாகத்தான் எழுதினேன்.